சீட்டில் இல்லாத சிடி8

வேலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், "எவ்வளவு வந்திருக்கிறது, சார்?" என்ற கேள்வியைத்தான் அதிகம் கேட்டிருப்பேன். கேட்பவர் குடியாத்தத்தில் பீடி சுற்றும் அம்மாவாக இருக்கலாம், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் வேலை செய்பவராக இருக்கலாம், பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுபவராக இருக்கலாம். நோயெதிர்ப்பு வேலையை ஒருங்கிணைக்கும் ஒரு வகை வெள்ளணுதான் சிடி4; எச்.ஐ.வி. குறிவைப்பது அதைத்தான். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத் தங்கள் சிடி4 எண்ணிக்கை மனப்பாடம். போன முறை 312, இந்த முறை 290 என்றால் முகம் சுருங்கிவிடும். ஒரே ஆளுக்குக் காலையில் எடுத்த ரத்தத்துக்கும் மாலையில் எடுத்த ரத்தத்துக்கும் இடையில்கூட அந்த அளவுக்கு வேறுபாடு வரலாம் என்று எடுத்துச் சொன்னால் தலையாட்டுவார்கள், நம்ப மாட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. பல ஆண்டுகள் அந்த எண்தான் தலையெழுத்தாக இருந்தது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500 முதல் 1500 வரை இருந்தால் இயல்பு, 200க்குக் கீழே போனால் எய்ட்ஸ் நிலை. இந்திய அரசு 2004 ஏப்ரல் 1 அன்று இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது பெரும்பாலானவர்களுக்கு 200க்குக் கீழே இறங்கினால்தான் மாத்திரை. அதுவும் முதலில் நாடு முழுவதும் எட்டு மருத்துவமனைகளில் மட்டும். தமிழ்நாட்டுக்குத் தாம்பரம். நம் பக்கத்து ஆட்கள் காஞ்சிபுரம் வழியாக பஸ் பிடித்துப் போய் வரிசையில் நின்றார்கள். எண் இறங்கினால்தான் மருந்து என்ற காலத்தில் வாழ்ந்தவர், எண் ஏறினாலும் இறங்கினாலும் படபடப்பதில் வியப்பில்லை.

ஆனாலும் அந்தச் சீட்டின் மீது எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஊதா மூடிக் குழாயில் வரும் ரத்தத்தில் ஒளிரும் சாயம் பூட்டிய எதிர்ப்புப் புரதங்களைக் கலந்து, செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளிக்கு முன்னால் ஓடவிடுவோம். சிடி4 தனிக் கூட்டமாகத் தெரியும், சிடி8 தனிக் கூட்டமாகத் தெரியும். இரண்டும் டி செல் என்ற வெள்ளணுவின் இரு பிரிவுகள்; தொற்றிய செல்களைக் கொல்வது சிடி8. எங்கள் இயந்திரம் இரண்டையும் எண்ணியது. நோயாளியின் கைக்குப் போன சீட்டில் பேனாவால் வட்டமிட்டிருந்தது சிடி4 மட்டும். எச்.ஐ.வி. பல ஆண்டுகள் உடலில் தங்கும்போது டி செல்களுக்கு என்ன நேர்கிறது என்ற கதையில் பாதிக்கு மேல் சிடி8 பக்கம் நடக்கிறது. மீதியிலும், எத்தனை செல் இருக்கிறது என்பதைவிட இருக்கும் செல் என்ன நிலையில் இருக்கிறது என்பதே பெரிது.

இந்த ஊருக்கும் இந்த வைரஸுக்கும் உள்ள உறவு பழையது. 1986இன் தொடக்கத்தில் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி நிர்மலா, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடமிருந்து ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சென்னையில் பரிசோதிக்க வசதி இல்லை. ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலேற்றிக் காட்பாடி வந்து, சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜானின் வைரஸ் ஆய்வுக்கூடத்தில் எலைசா பரிசோதனை நடந்தது. ஆறு மாதிரிகள் மஞ்சளாயின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது இப்படித்தான் முதன்முதலில் தெரிந்தது. பிறகு அமெரிக்காவில் மறுபரிசோதனை செய்து உறுதியாயிற்று.

அந்த எலைசா தட்டில் மஞ்சளாகத் தெரிந்தது வைரஸ் என்றுதான் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது வைரஸைக் கண்டு உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் புரதங்கள். அந்தப் பெண்களின் உடல், மருத்துவ உலகம் கண்டுபிடிக்கும் முன்பே வந்தவனை அடையாளம் கண்டு எதிர்வினை ஆற்றிக்கொண்டிருந்தது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எச்.ஐ.வி. வந்தால் உடல் ஒன்றும் செய்யாமல் படுத்துவிடுகிறது என்ற நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. உண்மை நேர்மாறானது. உடல் அளவுக்கு மீறிச் செய்கிறது. ஆண்டுக்கணக்கில், ஓயாமல்.

தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் வைரஸ் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு லட்சம், பத்து லட்சம் என்று பெருகும். சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு வரும். சாதாரண வைரல் காய்ச்சல் என்று மருந்துக்கடை மாத்திரையோடு போய்விடும். அந்த நாட்களில் குடலின் உட்சுவரை ஒட்டி வாழும் நினைவு சிடி4 செல்களில் (முன்பு கண்ட கிருமியை நினைவு வைத்திருப்பவை) பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. உடலின் டி செல்களில் ரத்தத்தில் ஓடுபவை சிறு பங்குதான். குடலில் நடக்கும் அழிவு நம் சீட்டில் ஏறாது.

பிறகு சிடி8 செல்கள் எழுகின்றன. ஒரு செல்லுக்குள் வைரஸ் புகுந்துவிட்டால், அந்தச் செல் தன் மேற்பரப்பில் வைரஸ் புரதத்தின் சிறு துண்டுகளை எச்.எல்.ஏ. என்ற மூலக்கூறில் ஏந்திக் காட்டும். அதைப் படித்து, அந்தச் செல்லையே கொல்வது சிடி8இன் வேலை. இந்தப் படிப்பு முறையைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பீட்டர் டோஹர்ட்டிக்கும் ரோல்ஃப் சிங்கர்நாகலுக்கும் 1996இல் நோபல் பரிசு கிடைத்தது. சிடி8 பெருகப் பெருக வைரஸ் இறங்கி ஒரு மட்டத்தில் நிற்கிறது. அந்த மட்டம் ஆளுக்கு ஆள் மாறும். மருந்தில்லாமல் இருந்தால் ஒருவர் எவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பார் என்பதைப் பெரும்பாலும் அதுவே தீர்மானிக்கிறது.

வைரஸை இறக்கியது சிடி8தானா, தானாக இறங்கியதா என்று கேட்கலாம். 1999இல் குரங்குகளில் அதைச் சோதித்தார்கள். எச்.ஐ.வி.யின் உறவுக்கார வைரஸ் தொற்றிய ரீசஸ் குரங்குகளுக்கு சிடி8 செல்களை மட்டும் நீக்கும் எதிர்ப்புப் புரதத்தை ஏற்றினார்கள். வைரஸ் கிடுகிடுவென ஏறியது. சிடி8 செல்கள் திரும்பியதும் இறங்கியது. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

அப்படியானால் ஏன் வெல்லவில்லை? ஒரு காரணம், வைரஸின் எழுத்துப் பிழைகள். அது தன்னைப் படியெடுக்கும்போது தவறு செய்துகொண்டே இருக்கும். சிடி8 படிக்கும் துண்டில் ஓர் எழுத்து மாறினால் போதும், செல்லால் அதை அடையாளம் காண முடியாது. எல்லாத் துண்டுகளையும் வைரஸால் இப்படி மாற்றிவிட முடியாது என்பதும் உண்மை. அதன் உள்ளோட்டைக் கட்டும் காக் புரதத்தில் சில இடங்களை மாற்றினால் வைரஸே நொண்டிவிடும். எச்.எல்.ஏ. பி57, பி27 வகைகளைப் பெற்றுப் பிறந்தவர்களின் சிடி8 செல்கள் பெரும்பாலும் அத்தகைய இடங்களையே பிடிக்கின்றன. மருந்தே இல்லாமல் வைரஸைப் பரிசோதனையில் தெரியாத அளவில் வைத்திருக்கும் அபூர்வ மனிதர்களிடம் இந்த வகைகள் அதிகமாகக் காணப்படுகின்றன. தொற்றுள்ளவர்களில் அவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. "எனக்கு ஒன்றும் செய்யாது, என் ரத்தம் அப்படி" என்று மார்தட்டிய பலரைப் பார்த்திருக்கிறேன். மார்தட்டியவர்கள் யாரும் இந்தப் பட்டியலில் இல்லை.

இரண்டாவது காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஓயாமல் எதிரியைப் பார்த்துக்கொண்டே இருக்கும் சிடி8 செல்கள் மெல்ல மெல்லத் தங்கள் திறன்களை இழக்கின்றன. முதலில் பெருகும் ஆற்றலும், இன்டர்லூகின்-2 என்ற சைகைப் புரதத்தைச் சுரப்பதும் போகும். பிறகு டி.என்.எஃப். என்ற இன்னொரு சைகைப் புரதம் குறையும். கடைசி வரை தாக்குப்பிடிப்பது இன்டர்ஃபெரான்-காமா என்ற மூன்றாவது புரதம். செல் இருக்கும், எண்ணினால் கணக்கில் வரும், வேலை மட்டும் நடக்காது.

இதை முதலில் எலிகளில்தான் கண்டார்கள். எல்.சி.எம்.வி. என்ற எலி வைரஸின் ஒரு வகை சில நாட்களில் ஒழிந்துவிடும். மிகச் சில அமினோ அமிலங்களில் மட்டும் வேறுபடும் இன்னொரு வகை மாதக்கணக்கில் தங்கும். தங்கும் வகையில்தான் டி செல்கள் இப்படிச் சோர்ந்தன. ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்துக்குப் போன ரஃபி அகமது இந்தத் துறையை வளர்த்தவர்களில் முதன்மையானவர். 2006இல் அவருடைய குழு, சோர்ந்த செல்களின் மேல் பிடி-1 என்ற, செல்லுக்கு பிரேக் போடும் தடுப்பு ஏற்பி குவிந்திருப்பதையும் அதை மறித்தால் செல்கள் மீண்டும் வேலை செய்வதையும் காட்டியது. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் மருந்து தொடங்காத எச்.ஐ.வி. நோயாளிகளிடம் அதே காட்சி தெரிந்தது. எச்.ஐ.வி.யைத் தேடும் சிடி8 செல்களில் பிடி-1 எவ்வளவு அதிகமோ, வைரஸும் அவ்வளவு அதிகம், சிடி4 அவ்வளவு குறைவு. அங்கே பரவியிருப்பது சி வகை வைரஸ்; இந்தியாவில் பெரும்பாலும் இருப்பதும் அதுவே.

பிடி-1ஐ ஜப்பானில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வுக்கூடம் 1992இல் வேறு எதையோ தேடும்போது கண்டெடுத்தது. 2018இல் அவருக்கு நோபல் கிடைத்தது புற்றுநோய்ச் சிகிச்சைக்காக.

இந்தத் தடுப்பைக் கேட்டதும், "அப்படியென்றால் அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதானே" என்று தோன்றும். 2006 எலி ஆய்விலேயே அதற்கும் பதில் இருக்கிறது. பிடி-1ஐத் தூண்டும் இணை மூலக்கூறு பிறவியிலேயே இல்லாத எலிகளுக்குத் தங்கும் வகை வைரஸைக் கொடுத்தார்கள். அவை செத்துப்போயின. கொன்றது வைரஸ் இல்லை. கட்டுப்பாடற்ற டி செல்களே சொந்த உறுப்புகளைச் சிதைத்துவிட்டன. டாக்ஸ் என்ற புரதம் இந்தச் சோர்வு நிலையைச் செல்லின் மரபணு அமைப்பிலேயே பதித்துவிடுகிறது என்று 2019இல் தெரிந்தது. டாக்ஸை நீக்கினால் செல் சோர்வதில்லை. ஆனால் விரைவில் இறந்துவிடுகிறது.

ஆகவே என் கருத்து இதுதான். போர், படை, தோல்வி என்ற உவமைகளை இங்கே மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும். ஒழிக்க முடியாத ஒன்றோடு வாழ நேர்ந்தபோது, தன்னையே எரித்துக்கொள்ளாமல் இருக்க டி செல் செய்துகொண்ட உடன்படிக்கை இது. பாதி வேலை செய்து பல ஆண்டு உயிரோடு இருப்பது. மருத்துவர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. மருந்தில்லாவிட்டால் நோயாளி கடைசியில் சாகத்தானே செய்கிறார், இது என்ன உடன்படிக்கை என்பார்கள். சாவது உண்மை. ஆனால் அந்தச் சாவின் வேர், சோர்ந்த செல்களைவிட சோராத செல்களிடம் அதிகம் இருக்கிறது.

ஏனென்றால் எச்.ஐ.வி. உடலில் இருக்கும் வரை அதைத் தேடாத டி செல்களும் சேர்ந்து கிளர்ச்சி நிலையில் இருக்கின்றன. காசநோயை நினைவு வைத்திருப்பவை, சிறுவயதுத் தொற்றுகளை நினைவு வைத்திருப்பவை எல்லாம் காரணமில்லாமல் விழித்து, பெருகி, மடிகின்றன. நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த 1990களின் ஆய்வுகளில், சிடி8 செல்களின் மேல் சிடி38 என்ற கிளர்ச்சிக் குறி எவ்வளவு இருக்கிறது என்பது நோயின் போக்கை வைரஸ் அளவுக்குச் சமமாக, சில ஆய்வுகளில் அதைவிட நன்றாகவே முன்கூட்டிச் சொன்னது. ஆப்பிரிக்காவில் சூட்டி மாங்கபே என்றொரு குரங்கு இருக்கிறது. எச்.ஐ.வி.-2 நமக்கு வந்ததே அதனிடமிருந்துதான். அதன் ரத்தத்தில் வைரஸ் ஏராளம், ஆனால் எய்ட்ஸ் வருவது மிக மிக அரிது. அதன் டி செல்கள் தொடக்கத்தில் கொஞ்சம் கிளர்ந்து அடங்கிவிடுகின்றன. அதே குடும்ப வைரஸ் நம் ரீசஸ் குரங்குக்குள் போனால் கிளர்ச்சி அடங்குவதில்லை, எய்ட்ஸ் வருகிறது. என் நெடுநாள் எண்ணத்துக்கு இந்த இரண்டு குரங்குகளும் போதுமான ஆதாரம்.

மனிதனில் ஏன் அடங்கவில்லை? முதல் வாரங்களில் புண்பட்ட குடல் சுவர் முழுதாக ஆறுவதில்லை. அதன் வழியே பாக்டீரியாக்களின் துண்டுகள் ரத்தத்தில் கசிந்து, நோயெதிர்ப்பு மண்டலத்தை இடைவிடாமல் உசுப்பிக்கொண்டிருக்கின்றன என்று 2006இல் ஓர் ஆய்வு காட்டியது. சிடி4 சாகும் விதமும் விசித்திரமானது. நிணநீர்த் திசுக்களில் இறக்கும் சிடி4 செல்களில் 95 சதவீதத்துக்கு மேல், வைரஸ் வெற்றிகரமாகப் பெருகிய செல்கள் கிடையாது. வைரஸ் உள்ளே வந்து பாதியிலேயே நின்றுபோன செல்கள் அவை. அந்த அரைகுறைத் துண்டைக் கண்டு செல் தானே வெடித்துச் சாகிறது. வெடிக்கும்போது சிந்தும் அழற்சிப் பொருள்கள் இன்னும் பல சிடி4 செல்களை அந்த இடத்துக்கு வரவழைக்கின்றன. சான்ஃபிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டோன் நிலையத்தில் வார்னர் கிரீன் குழு 2014இல் இதை வெளியிட்டபோது எங்கள் கூடத்தில் தேநீர் ஆறிப்போகும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.

மாத்திரை தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு வருவோம். வைரஸ் சில மாதங்களில் அளவிட முடியாத நிலைக்கு இறங்கும். அப்படி இறங்கியிருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக மற்றவருக்குத் தொற்றாது. இது இன்று நிலைநாட்டப்பட்ட உண்மை, வீட்டில் தனித் தட்டு வைப்பவர்கள் காதில் போட்டுக்கொள்ளட்டும். சிடி4 ஏறும். 800 வந்துவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று கேட்பார்கள். பாலாற்றில் தண்ணீர் ஓடுவதை நம் பிள்ளைகள் பார்ப்பதே அபூர்வம். ஆனால் மணலைத் தோண்டினால் ஊற்று வரும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். வைரஸ் அப்படித்தான் அடியில் இருக்கிறது. ஓய்வில் இருக்கும் நினைவு சிடி4 செல்களின் மரபணுவுக்குள் தன்னை எழுதிவைத்துவிட்டு, புரதம் எதையும் காட்டாமல் கிடக்கிறது. காட்டினால்தானே சிடி8 படிக்க முடியும்? 1997இல் மூன்று குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டன. இந்தச் சேமிப்பு பாதியாகக் குறைய ஏறத்தாழ 44 மாதங்கள் ஆகின்றன. முழுதும் கரைய ஓர் ஆயுள் போதாது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் வைரஸ் திரும்பிவிடும். கேட்டவரிடம் நான் இவ்வளவும் சொல்ல மாட்டேன். "நிறுத்தாதீர்கள், கவுன்சிலர் அம்மாவைப் பார்த்துவிட்டுப் போங்கள்" என்பதோடு சரி.

இதில் கசப்பான ஒரு திருப்பம். பல பத்தாண்டு நினைவைக் காப்பது டி செல்லின் பெருமை. பழைய சளிக் கிருமி ஒன்று மறுபடி வரும்போது அதற்குரிய நினைவுச் செல் பெருகும். அந்தச் செல்லுக்குள் எச்.ஐ.வி. எழுதப்பட்டிருந்தால் அதுவும் சேர்ந்தே படியெடுக்கப்படுகிறது. வைரஸ் தன் பெருக்கத்தை நிறுத்தியபின்னும் செல்லின் பெருக்கத்தில் ஏறிப் பிழைத்துக்கொள்கிறது.

சிடி8 என்ன ஆகிறது? உயர்ந்தே நிற்கிறது. ஆரோக்கியமானவரிடம் சிடி4ஐ சிடி8ஆல் வகுத்தால் பொதுவாக ஒன்றுக்கு மேல் வரும். எச்.ஐ.வி.யில் அது தலைகீழாகிறது. மருந்தால் சிடி4 ஏறிய பின்னும் பலருக்கு இந்த விகிதம் ஒன்றைத் தொடுவதே இல்லை. மிகத் தாமதமாக மருந்து தொடங்கியவர்களுக்கு இன்னும் மோசம். இப்போது 2017 முதல் எண் எதுவானாலும் தொற்று உறுதியானவுடன் மாத்திரை தருகிறார்கள். அதற்கு அடிப்படையான ஸ்டார்ட் ஆய்வு 2015இல் வந்தது: 500க்கு மேல் இருக்கும்போதே தொடங்கியவர்களுக்கு, காத்திருந்தவர்களைவிடக் கடுமையான நோய்களும் மரணமும் சேர்ந்து 57 சதவீதம் குறைவு. எண் நன்றாக இருந்த காலத்திலேயே உள்ளே சேதம் நடந்துகொண்டிருந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையா? காசநோயும் அப்படியே. தொற்று ஏற்பட்ட முதல் ஆண்டிலேயே, சிடி4 இன்னும் நன்றாக இருக்கும்போதே, காசநோய் அபாயம் கூடிவிடுகிறது. 700 இருக்கிறதே என்று இருமலை அலட்சியப்படுத்தியவர்களை நம் மாவட்டத்தில் எத்தனை பேரைப் பார்த்தோம்.

புற்றுநோய்க்குத் தரும் பிடி-1 மருந்துகளை எச்.ஐ.வி.யும் உள்ள புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். உறங்கும் வைரஸ் சிலரிடம் அசைந்துகொடுக்கிறது, தீர்ந்துபோகவில்லை. முழுதாகக் குணமானவர்கள், பெர்லின் நோயாளி என்று அறியப்பட்ட டிமோத்தி ரே பிரவுனைப் போல ரத்தப் புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றப்பட்ட ஒரு சிலரே. வைரஸ் நுழையும் சிசிஆர்5 கதவே இல்லாத கொடையாளியின் செல்கள் அவருக்குக் கிடைத்தன. அதைச் சாதாரண நோயாளிக்குப் பரிந்துரைக்க யாரும் துணிய மாட்டார்கள்.

இன்று நிலையாக இருப்பவர்களுக்கு, ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவைக் காட்டும் வைரல் லோடுதான் முக்கியப் பரிசோதனை. சிடி4 சீட்டின் மவுசு குறைந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. தாம்பரத்துக்கு பஸ் ஏறிய தலைமுறை இப்போது அறுபதைத் தொடுகிறது. அவர்களுக்கு வருவது எய்ட்ஸ் இல்லை, மாரடைப்பு. அடங்காத அந்தக் கிளர்ச்சி ரத்தக் குழாய்களையும் விட்டுவைக்கவில்லை. 12 நாடுகளில் 7,769 பேரிடம் நடந்த ரிப்ரீவ் ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது: கொலஸ்ட்ராலுக்குத் தரும் ஸ்டாட்டின் வகை மாத்திரை ஒன்று, வழக்கமான கணக்கில் அபாயம் அதிகமில்லாத எச்.ஐ.வி. நோயாளிகளுக்கும் பெரிய இதய நிகழ்வுகளை 35 சதவீதம் குறைத்தது. ஆற்காட்டிலிருந்து வரும் அக்கா ஒருவர் ஓய்வுக்குப் பிறகும் எனக்குப் போன் செய்வார். வைரஸ் பல ஆண்டுகளாகத் தெரிவதில்லை, சிடி4 அறுநூறுக்கு மேல். விகிதம் மட்டும் அரையைத் தாண்டவில்லை. ரத்த அழுத்தமும் இருக்கவே, மருத்துவரிடம் ஸ்டாட்டின் பற்றிக் கேட்கச் சொன்னேன். அடுத்த வாரம் கோபமாகப் போன் வந்தது. "தம்பி, ஒரு மாத்திரையையாவது குறைக்கச் சொல்லுவாய் என்று உன்னிடம் பேசினால், நீ ஒன்றைக் கூட்டிவிட்டாயே!"